திரும்பி வந்த நாற்பத்திரண்டு கையெழுத்துகள்

அமெரிக்காவில் ஒரு மாநிலச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் என் அண்ணன் மகள் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமாகிறது. வீட்டில் அவள் காயத்ரி. அடையாள அட்டையில் திரி யாடனா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். இங்கே ரங்கூனில் கரண்டும் இருந்து லைனும் கிடைத்தால் பேசுவோம். போன வாரம் தன் வேலையைப் பற்றிப் பெருமையாக ஒன்று சொன்னாள்.

"சித்தப்பா, இங்க மனு வந்தா கம்ப்யூட்டரே பாத்துக்கும். கையெழுத்துப் போட்டவங்க பேரு பட்டியல்ல இருக்கான்னு ஒரு நிமிஷத்துல சரிபாத்துடும். இல்லாத பேரை அதுவே தள்ளிடும். நீங்கள்லாம் எப்படித்தான் கையால பாத்தீங்களோ!"

"தள்ளின பேருக்குச் சொந்தக்காரங்க என்ன ஆவாங்க?"

"அது தெரியாதே சித்தப்பா. தள்ளினா தள்ளினதுதான்."

எனக்குச் சுருக்கென்றது. "அடி இவளே, உனக்கே ரெண்டு பேரு இருக்கு. அந்த மெஷின் உன்னையே தள்ளிடும்" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "அப்ப உங்க கதையை எழுதி அனுப்புங்க, இங்க உள்ளவங்களுக்குச் சொல்றேன்" என்றாள். எழுது என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்த கிழவன் நான். உட்கார்ந்துவிட்டேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சட்டமன்ற உறுப்பினனாக இருந்ததில்லை. உறுப்பினரின் குமாஸ்தா. அதற்கு முன் இருபது வருஷம் கோர்ட்டு வாசலில் மனு டைப் அடித்தேன். நிலத் தகராறு, விவாகரத்து, காணாமல் போன மாடு என்று எல்லாவற்றுக்கும் மனு எழுதியிருக்கிறேன். அந்த இருபது வருஷத்தில் நான் கற்றது ஒன்றுதான்: வீட்டில் உள்ளவர்களின் பெயரைச் சர்க்கார் பதிந்து கொடுக்கும் குடும்பப் பட்டியலை வந்தவரிடம் வாங்கிப் பார்க்காமல் பெயரை அடிக்கக் கூடாது. வாயால் சொல்லும் பெயரை நம்பி டைப்ரைட்டரைத் தொட்டால் தாள் வீண். இதைக் கரைத்துக் குடித்தவன் என்று எனக்கு ஒரு தலைக்கனம் இருந்தது.

எங்கள் பிராந்தியத்துக்குச் சட்டமன்றம் வந்தபோது ரங்கூனில் தாமுவே என்கிற பேட்டையில் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்த டோ சான் மே என்கிற அம்மாள் தேர்தலில் நின்று ஜெயித்தார். டோ என்பது வயதில் மூத்த பெண்களுக்கு இங்கே மரியாதையாகப் போடும் சொல். ஜெயித்த மறுநாளே ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். கடையில் செயின்களும் டியூப்களும் தொங்கும் சுவருக்குக் கீழே ஒரு ஸ்டூலைக் காட்டி, "இதான் ஆபீஸ். உட்காரு, கோ தெயின் மவுங்" என்றார். தெயின் மவுங் என்பது என் அடையாள அட்டைப் பெயர்; கோ, ஊ எல்லாம் ஆண்களுக்குப் போடும் மரியாதைச் சொற்கள். அவர் பேசியதெல்லாம் பர்மியம். இத்தனை வருஷத்தில் அது என் காதில் தமிழாகவே தங்கிவிட்டதால் அப்படியே எழுதுகிறேன். நான் அவரைச் சயாமா என்பேன். வாத்தியாரம்மாவுக்கும் மேலதிகாரி அம்மாவுக்கும் நாங்கள் சொல்லும் வார்த்தை அது.

சயாமாவின் நடைமுறை அலாதி. மனு கொண்டுவந்தவர் அதைப் படித்துக் காட்ட வேண்டியதில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து தன் வீட்டுக்கு எப்படிப் போவது என்று முதலில் சொல்ல வேண்டும். "வலப்பக்கம் டீக்கடை, அதைத் தாண்டி வேப்பமரம்" என்று சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடிக் கேட்பார். அந்த வாரமே குடையை எடுத்துக்கொண்டு அதே வழியில் போவார். வேப்பமரம் இல்லையென்றால் திரும்பிவிடுவார். மரம் விஷயத்தில் பொய் சொன்னவன் மற்றதிலும் சொல்வான் என்பது அவர் கட்சி. இதனால் ஒரு நியாயமான ஆளைக்கூட ஒருமுறை விரட்டிவிட்டார். பாவம், மரத்தை முந்தின நாள்தான் வெட்டியிருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் அந்த ஆள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டு, அவர் பெண்டாட்டி கொடுத்த தேயிலைச் சாலடையும் ஒரு தட்டு தின்றுவிட்டு வந்தார்.

அந்தக் குடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழைத் தண்ணீர் தேங்கும் தெருவுக்குப் போனால் மூடிய குடையைத் தண்ணீரில் நட்டு வைப்பார். ஈரம் ஏறிய இடத்தில், பழைய சைக்கிள் டியூபை வளையமாக நறுக்கியதை மாட்டிவிடுவார். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் குடை முழுக்கக் கறுப்பு வளையம். முதல் வருஷம் சபைக்கே அதைக் கொண்டுபோனார். வாசல் காவலர் குடையோடு விட மாட்டேன் என்றார். சயாமா சண்டை போடவில்லை. ரசீது எழுதித் தரச் சொன்னார். "பொருள் குடை ஒன்று, அதில் வளையம் ஏழு" என்று அந்த மனிதர் எழுதிக் கொடுத்தார்.

உள்ளே போய் ரசீதைத் தூக்கிக் காட்டினார். "சபாநாயகர் அவர்களே, என் தொகுதி எவ்வளவு ஆழம் என்பதற்கு அத்தாட்சி வாசலில் காவலில் இருக்கிறது. அமைச்சர் வெளியே போகும்போது பார்த்துக்கொள்ளலாம்."

சபாநாயகர் பழைய வக்கீல். அதிர்ந்து பேச மாட்டார். பேனா மூடியைக் கழற்றி மாட்டினால் உட்கார் என்று அர்த்தம். அன்று மூடியைக் கழற்றியவர் மாட்ட மறந்து சிரித்துவிட்டார். அமைச்சர் நிஜமாகவே வாசலில் நின்று வளையங்களை எண்ணிப் பார்த்ததை என் கண்ணால் கண்டேன்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

சயாமாவின் தொகுதியான தாகேதாவில் ஓடையை ஒட்டி ஒரு சந்து உண்டு. நான் பிறந்து வளர்ந்த சந்து. ரயில்வேயிலும் முனிசிபாலிட்டியிலும் வேலை பார்க்க அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். சந்துக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். கடக்க ஒரு மரப்பலகை. மழைக்காலத்தில் தண்ணீர் பலகைக்கு மேல் போகும். மொஹிங்கா என்கிற மீன் குழம்புச் சேமியா விற்கும் மாரியம்மா அக்கா விடியற்காலையில் மீன் குழம்புப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பலகையில்தான் வர வேண்டும். இரண்டு தடவை விழுந்து, ஒரு தடவை கொதிக்கும் குழம்பு கையில் கொட்டிவிட்டது. சிமெண்டில் ஒரு சின்ன நடைபாலம் வேண்டும் என்பதுதான் சந்தின் ஒரே கோரிக்கை.

சயாமா வந்தார், பலகையில் நடந்தார், குடைக்கு ஒரு வளையம் மாட்டினார். "இந்தக் கூட்டத்தொடர்ல எனக்கு ஒரு கேள்விதான். அது இதுதான்" என்றார். கையெழுத்து வாங்கும் வேலையை என்னிடம் விட்டார். நான் வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்து, பூஜைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் வாங்கினேன். மாரியம்மா, சுப்பையா, ராக்காயி, வேலு என்று சின்ன வயதிலிருந்து கூப்பிடும் பெயர்களையே பர்மிய எழுத்தில் வரிசையாக எழுதினேன். ஊர்ப் பாசத்தில் நாற்பத்திரண்டாவதாக என் பெயரையும் சேர்த்தேன். தங்கராசு.

குடும்பப் பட்டியலைக் கேட்டேனா? கேட்கவில்லை. என்னைத் தூக்கி வளர்த்த ஜனங்களிடம் போய் உங்கள் பெயருக்கு அத்தாட்சி காட்டுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? அரசாங்கக் காகிதத்தில் அவர்கள் எல்லோருக்கும் வேறு பெயர் என்பது எனக்குத் தெரியாததா? எனக்கே வேறு பெயர்தானே! ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை அது என் புத்தியில் ஏறவே இல்லை. இருபது வருஷத்து அனுபவம், மண்ணாங்கட்டி.

சபையில் ஒரு முறை இருந்தது. கேள்வியில் பட்டியலின் முதல் ஆள் பெயர் மட்டும் வரும். கையெழுத்துப் பட்டியல் உறையில் அரக்கு வைத்து ஒட்டப்பட்டு சபை அலுவலகத்தில் இருக்கும். கேள்வி வாசிக்கப்படும் நிமிஷத்தில்தான் உறையைப் பிரிப்பார்கள். பிரித்துவிட்டால் அது சபையின் ஆவணம். பிறகு யாரும் திரும்பக் கேட்க முடியாது.

கேள்வி வாசிக்கும் நாளுக்கு முந்திய மாலை, சம்பந்தப்பட்ட இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி கடைக்குப் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். மாரியம்மா என்று அந்த வட்டாரப் பதிவில் யாரும் இல்லை. நாளைக்கு உறையைப் பிரித்ததும் முழுப் பட்டியலையும் அடையாள அட்டை அலுவலகத்துக்கு அனுப்பி, இவர்கள் யார் என்று விசாரிக்கப் போகிறார்கள் என்றார். எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு தமிழ்ப் பெயருக்கும் பக்கத்தில் 'என்கிற' என்று போட்டு அட்டைப் பெயரை எழுதி, எல்லாரிடமும் புதுக் கையெழுத்து வாங்கிக் காலையில் சபை அலுவலகத்தில் கொடுத்துவிட்டால் தீர்ந்தது! பஸ் பிடித்து தாகேதாவுக்கு ஓடினேன். பாதிப் பேரிடம் எழுதி முடித்து மாரியம்மா அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது. நான் சொன்னதைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டது.

"தம்பி, ரெண்டு பேரையும் ஒரே தாள்ல எழுதிடாத."

"அக்கா, இல்லாட்டி பாலம் போயிரும்."

"போவட்டும். அட்டையில நான் மியா செயின். என் அப்பா பேரு பா மவுங்னு இருக்கு. முத்துசாமி மக மாரியம்மான்னு இப்ப எழுதிக் குடுத்தா, எங்கேர்ந்து வந்தீங்க, எப்ப வந்தீங்கன்னு முதல்லேர்ந்து தோண்டுவாங்க. என் மக செல்விக்கு அட்டை இன்னும் கையில வரல. அது வந்தாத்தான் நர்ஸ் படிப்புல சேப்பாங்க. புள்ள ராவும் பகலும் படிச்சுட்டு உக்காந்திருக்கு. அவ வாயில மண்ணப் போட்டுடாதப்பா."

அக்கா கையெடுத்துக் கும்பிட்டது. கையில் குழம்பு கொட்டிய தழும்பு. அரைகுறையாக எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

காலையில் சபைக்குப் போகும் வழியில் எல்லாவற்றையும் சயாமாவிடம் கொட்டினேன். கேள்வியை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேளுங்கள், அதற்குள் ஏதாவது செய்கிறேன் என்றேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு அட்டை எப்ப வருமாம்?"

"ரெண்டு மூணு மாசத்துல வரலாம், சயாமா."

நான் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். சபாநாயகர் கேள்வி எண்ணைச் சொன்னார். சயாமா எழுந்தார்.

"சபாநாயகர் அவர்களே, என் அலுவலகத்தின் கவனக்குறைவால் இந்தக் கேள்வி பிழையாகத் தயாரிக்கப்பட்டுள்ளது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இதை வாபஸ் பெறுகிறேன்."

அவர் அதுவரை ஒரு கேள்வியையும் வாபஸ் வாங்கியதில்லை. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். "குடையை மறந்துட்டு வந்துட்டாங்க போல" என்று ஒரு குரல். சபாநாயகர் பேனா மூடியை மாட்டினார். அவ்வளவுதான். வாபஸ் வாங்கிய கேள்வியை ஒரு வருஷத்துக்கு மறுபடி கேட்க முடியாது என்பது விதி. இன்னொரு மழைக்காலத்துக்கும் அதே பலகைதான்.

எனக்கு அவமானமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக இத்தனை பேர் முன்னால் அலுவலகத்தின் கவனக்குறைவு என்று சொல்லலாமா? அலுவலகம் என்றால் யார்? ஒரு ஸ்டூலும் நானும்தானே! தள்ளி வைக்கச் சொல்லியிருந்தால் பாலமாவது பிழைத்திருக்கும். அதைச் செய்யாமல் பயந்து பின்வாங்கிவிட்டார் என்று முடிவு கட்டிக்கொண்டு இரண்டு நாள் கடைப் பக்கமே போகவில்லை. என் மனைவி சோறு போடும்போதெல்லாம், "உங்க சயாமா கோவிச்சுக்க வேண்டியது. நீங்க ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்று குத்தினாள்.

மூன்றாம் நாள் சயாமாவே வீட்டு வாசலில் குடையோடு நின்றார். "கிளம்பு. தாகேதாவுக்குப் போகணும்."

பஸ்ஸில் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பலகையைத் தாண்டி மாரியம்மா அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் சயாமா தோள் பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து அக்காவின் கையில் வைத்தார். சபை முத்திரை. அரக்கு உடையவே இல்லை.

"நாப்பத்திரண்டு பேரும் உள்ளே பத்திரமா இருக்காங்க. யாரும் பாக்கல. எரிக்கிறதுன்னா எரிச்சுடு, டோ மியா செயின்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தள்ளி வைத்த கேள்வியோடு உறை சபையிலேயே இருக்கும். அடுத்த வாரம் கேள்வி வாசிக்கும்போது அதைப் பிரித்தே தீருவார்கள். வாபஸ் வாங்கிய கேள்வியோடு வந்த காகிதங்கள் மட்டும்தான் பிரிக்கப்படாமல் உறுப்பினரின் கைக்கே திரும்பி வரும். விதிப் புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருந்தவன் நான். அந்த விதி எனக்குத் தோன்றவில்லை. சைக்கிள் சாமான் விற்ற அம்மாளுக்குத் தோன்றியது. நாலு பேர் சிரித்தாலும் சிரிக்கட்டும் என்று எழுந்து நின்றதெல்லாம் இந்த உறைக்காகத்தான்.

நான் பையிலிருந்த அந்த 'என்கிற' தாளை எடுத்து அக்காவின் அடுப்பில் போட்டேன். சயாமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவரோ அக்காவிடம் மொஹிங்காவில் வாழைத்தண்டு போடுவாயா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அந்த மழைக்காலம் முழுக்க விடியற்காலை முதல் பஸ்ஸில் தாகேதாவுக்குப் போய், அக்காவின் பானையைப் பலகை தாண்டிச் சுமந்து கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்தேன். அக்கா வேண்டாம் வேண்டாம் என்றது. "தம்பி, நீ நடக்கிற நடைக்கு நானே தேவல. குழம்பெல்லாம் அலம்புது" என்று திட்டும். ஒருநாள் நானே வாய்க்காலில் விழுந்தேன். பானையை மட்டும் விடவில்லை. சந்தே கூடி நின்று கைதட்டியது. செல்விக்கு அட்டை வந்த தகவலை அக்கா அந்தப் பலகைமேல் நின்றுகொண்டுதான் என்னிடம் சொன்னது. ஒரு வருஷம் ஆனதும் அதே கேள்வி, அட்டைப் பெயர்களோடு, ஒவ்வொன்றும் குடும்பப் பட்டியலோடு ஒப்பிட்டு, மறுபடி போனது. அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார் என்று அமைச்சர் பதில் சொன்னார்.

அதிகாரி பதிவேட்டோடு பலகையைத் தாண்டி வந்தார். சந்து முழுக்க அங்கே கூடி நின்றது. அவர் பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராகக் கைதூக்க வேண்டும். டோ மியா செயின் என்றதும் மாரியம்மா அக்கா "ஷின்" என்று பர்மியப் பெண்கள் பதில் சொல்வதுபோல் கணீரென்று சொன்னது. ஊ துன் ஷ்வே என்றபோது யாரும் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். சுப்பையா மாமா வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அட்டையில் அவர் பெயர் அது என்பதே அவருக்கு மறந்துவிட்டது. ராக்காயி அத்தை விலாவில் ஒரு இடி இடித்ததும் துள்ளிக் கைதூக்கினார்.

"இவருக்குக் காது கேக்காதா?" என்று அதிகாரி கேட்டார்.

"இந்தப் பக்கம் கேக்காதுங்க" என்றாள் அத்தை, எந்தப் பக்கம் என்று சொல்லாமல்.

கடைசிப் பெயரையும் குறித்துக்கொண்டு அவர் பலகையில் நடந்து திரும்பும்போது வழுக்கி முழங்கால்வரை உள்ளே போனார். சயாமா குடையை நீட்டித் தூக்கிவிட்டார். பாலத்துக்கு உத்தரவு சீக்கிரமே வந்தது.

பெரிய பாலம் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். திறப்பு விழாவும் இல்லை. சிமெண்டு காய்ந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சயாமாவை அக்கா சாப்பிடக் கூப்பிட்டிருந்தது. செல்வி வெள்ளைச் சட்டையும் சிவப்புக் கைலியுமாக நர்ஸ் பள்ளியிலிருந்து லீவில் வந்திருந்தாள். சயாமாவும் நானும் ரோட்டுப் பக்கம் நின்றோம். சந்து ஜனங்கள் எதிர்ப்பக்கம் நின்றார்கள். யார் முதலில் நடப்பது என்று ஆளுக்காள் தயங்கினார்கள்.

அக்கா வீட்டுக்குள் போய் அந்தப் பழுப்பு உறையோடு வந்து, முதல் ஆளாகப் பாலத்தில் நடந்து எங்களிடம் வந்தது.

"எரிச்சுட்டேன்னு இவன்கிட்டச் சொன்னேன், சயாமா. எரிக்கல. அம்மன் படத்துக்குப் பின்னாடி வச்சிருந்தேன். எங்க பேரை ஒருத்தராவது படிக்கணும்."

சயாமா அரக்கை உடைத்தார். பட்டியல் பர்மிய எழுத்தில் இருந்ததால் அவரால் படிக்க முடிந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சபையில் நிற்பதுபோல் நிமிர்ந்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். அவர் நாக்குக்கு அந்தப் பெயர்கள் லேசில் வரவில்லை. மாயியம்மா என்றார். சுப்பய்யா. யாக்காயி. முன்பே வந்துவிட்ட அக்காவைத் தவிர, ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் எதிர்ப்பக்கத்திலிருந்து, "இருக்கேன்", "வந்தேன்", "இந்தா" என்று பதில் சொல்லிப் பாலத்தில் நடந்து வந்தார். சுப்பையா மாமா இந்தத் தடவை பெயர் முடிவதற்குள்ளேயே பாதிப் பாலம் வந்துவிட்டார்.

எதிர்ப்பக்கம் காலியாகிவிட்டது. சயாமா தாளை மடிக்கவில்லை. அதில் இன்னும் ஒன்று, நாற்பத்திரண்டாவது, பாக்கி இருந்தது. சந்தில் இருப்பவர்கள் என்னை அப்படிக் கூப்பிட்டு அவர் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"தங்கயாசு."

பர்மியத்தில் பதில் சொல்லிப் பழகிய நாக்கு எனக்கு. அன்று, "இருக்கேன் அக்கா" என்று தமிழில்தான் வந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. தலையை ஆட்டினார்.

"நாப்பத்திரண்டும் சரி" என்று சொல்லி, பட்டியலை மாரியம்மா அக்காவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.